ஜெபப் பெட்டியில் கிடந்த விண்ணப்பம்

கோபத்தைப் பற்றி என் கணவர் இந்தப் பன்னிரண்டு வருடத்தில் முப்பது பிரசங்கமாவது செய்திருப்பார். அதில் ஒன்றாவது என் மண்டையில் ஏறியிருந்தால், அந்த வெள்ளிக்கிழமை மத்தியானம் நான் ஸ்க்ரூடிரைவரைத் தேடிக்கொண்டு வீடு முழுக்க அலைந்திருக்க மாட்டேன்.

முதலில் எங்களைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நாங்கள் ஊழியக் குடும்பம். பெரியவளுக்கு ஐந்து வயதாக இருந்தபோது நான்கு பெட்டிகளோடும் ஒரு தையல் மெஷினோடும் இந்த நாட்டில் வந்து இறங்கினோம். சின்னவள் இங்கேதான் பிறந்தாள். அவர் பிரசங்கம் செய்வார், வீடுகளைச் சந்திப்பார், ஆஸ்பத்திரியில் நோயாளிகளுக்காக ஜெபிப்பார். கல்யாணத்துக்கு முன் நான் நர்ஸாக இருந்தவள். அதனால் வாரத்தில் மூன்று நாள் எங்கள் முன்னறையில் புண்ணுக்குக் கட்டுப் போடுவேன். சர்க்கரைக்காரர்களின் கால் புண், அடுப்பில் சுட்டுக்கொண்ட கை, பட்டறையில் நசுங்கிய விரல் என்று ஒன்று மாற்றி ஒன்று வந்துகொண்டே இருக்கும்.

பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவதில்லை, வீட்டிலேயே படிக்க வைப்பது என்று வந்த வருடமே முடிவாகிவிட்டது. முடிவு அவருடையது, பாடு என்னுடையது. காலை ஏழரைக்குச் சாப்பாட்டு மேசையைத் துடைத்தால் அது வகுப்பறை. பத்து மணிக்கு அதே மேசையில் கட்டுத்துணி வெட்டி மடிப்போம். பதினொன்றுக்கு மறுபடியும் வகுப்பறை. எனக்கே மறந்துபோன அல்ஜீப்ராவைப் பெரியவளுக்காக உட்கார்ந்து முதலிலிருந்து படித்தேன். பதினைந்து வயதில் அவள் என்னைத் தாண்டிப் போய்விட்டாள். அதற்குப் பிறகு கணக்கை விடைப் புத்தகத்தைப் பார்த்துத்தான் திருத்தினேன். சில நாள், "அம்மா, புத்தகத்துலயே தப்பு" என்று சிரித்துக்கொண்டே நிரூபித்தும் காட்டுவாள்.

அவளுக்கு இப்போது பதினேழு. கல்லூரியில் கணக்குப் படிக்க வேண்டும் என்பது அவள் ஆசை. "கணக்கு படிச்சு ஊழியத்துக்கு என்னம்மா பிரயோஜனம்?" என்று அவள் அப்பா ஒரு முறை கேட்டார். பிரயோஜனம் பார்த்தா ஒரு பிள்ளைக்கு ஒன்று பிடிக்கும்?

வீட்டில் படித்த பிள்ளைக்குச் சான்றிதழ் கிடையாது. தனித்தேர்வராக அரசுப் பரீட்சை எழுதினால்தான் உண்டு. அது வருடத்துக்கு ஒரே முறை. அடுத்த வருடத்திலிருந்து பாடத்திட்டமே மாறுகிறது. இதை விட்டால் இரண்டு வருடமாகப் படித்ததைத் தூக்கிப் போட்டுவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டும். அந்தக் காகிதம் கையில் வராதவரை, உலகத்தைப் பொறுத்தமட்டில் என் மகள் ஒரு நாள்கூடப் படிக்காதவள்.

விண்ணப்பத்தை நான்தான் நிரப்பினேன். கற்பித்தவர் யார் என்று அதில் ஒரு கட்டம்கூட இல்லை. 'வீட்டுப் பள்ளியின் பொறுப்பாளர்' என்று ஒன்று இருந்தது. வந்த புதிதில் பதிவு செய்த காகிதத்தில் பொறுப்பாளர் அவர். பிள்ளைகளை ஒரு நாள்கூட வாய்ப்பாடு ஒப்பிக்கச் சொல்லிக் கேட்டிராத மனுஷன். சரி, கையெழுத்துதானே என்று விட்டுவிட்டேன். போட்டுக் கொடுத்தார். செவ்வாய்க்கிழமைதோறும் அவர் போகிற ஆஸ்பத்திரிக்கு எதிர்ச் சாரியில்தான் பரீட்சை அலுவலகம். உறையில் போட்டு அவர் கையிலேயே கொடுத்தேன்.

"மறக்காம கவுண்டர்ல குடுத்துருங்க. கடைசித் தேதிக்கு இன்னும் பத்து நாள்தான் இருக்கு."

"கர்த்தர் பாத்துக்குவார்" என்றார்.

கர்த்தர் பார்த்துக்கொள்வார் என்று இவர் சொன்னால், இவர் பார்த்துக்கொள்ள மாட்டார் என்று அர்த்தம். இருபது வருடம் குடித்தனம் செய்தவளுக்கு அது உறைத்திருக்க வேண்டாமா? உறைக்கவில்லை. அந்த அளவுக்குத் தப்பு என்னுடையதும்தான்.

அந்த வெள்ளிக்கிழமை காலை, சின்னவளுக்கு நோட்டு வாங்கக் கடைவீதிக்குப் போனவள் அப்படியே பரீட்சை அலுவலகத்தை எட்டிப் பார்த்தேன். தனித்தேர்வர் பட்டியலை வாசலில் ஒட்டியிருந்தார்கள். மேலிருந்து கீழே பார்த்தேன். கீழிருந்து மேலே பார்த்தேன். பெரியவள் பெயர் இல்லை. எழுத்து மாறிப் போட்டிருப்பார்களோ என்று ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் பார்த்தேன். இல்லை.

கவுண்டரில் இருந்த அம்மாள் கண்ணாடியைக் கயிற்றில் கோர்த்துக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தாள். கட்டுப் போட்டும் காய்கறி வாங்கியும் நான் கற்றுக்கொண்ட இந்த ஊர்ப் பாஷையில் விசாரித்தேன்.

"உங்க பொண்ணு பேர்ல எதுவும் வரலையே. கடைசித் தேதி போன வெள்ளிக்கிழமையே முடிஞ்சுபோச்சு" என்றாள். என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். "திங்கக்கிழமை சாயங்காலம் நாலு மணி வரைக்கும் தாமத விண்ணப்பம் வாங்குவோம். ஆனா பொறுப்பாளர் நேர்ல வரணும். ஏன் தாமதம்னு அவர் காரணம் சொல்லணும். நாங்க எழுதிக்குவோம், அவர் கையெழுத்துப் போடணும்."

"நான்தான் அவளுக்குச் சொல்லிக்குடுத்தேன். இப்பவே நான் போட்டுத் தர்றேன்."

"பேப்பர்ல உங்க பேர் இல்லையேம்மா."

வீட்டுக்கு எப்படி நடந்து வந்தேன் என்று தெரியாது. நோட்டும் வாங்கவில்லை. அவர் ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்துக்குக் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தார். பிள்ளைகள் மேசையில் இருந்தார்கள்.

"விண்ணப்பம் எங்கேங்க?"

"எந்த விண்ணப்பம்?"

"எத்தனை விண்ணப்பம் குடுத்தேன் உங்ககிட்ட?"

அவர் கண் ஒரு நொடி அலமாரி உச்சிக்குப் போய்விட்டுத் திரும்பியது. அங்கே இருந்தது ஜெபப் பெட்டி.

அது ஒரு மரப்பெட்டி. மேலே ஒரு நீளத் துவாரம், முன்னால் பூட்டு. ஞாயிறுதோறும் ஆராதனையில் அதை இறக்கி வைப்போம், மனசில் பாரம் உள்ளவர்கள் சீட்டில் எழுதி உள்ளே போடுவார்கள். மாதக் கடைசிச் சனிக்கிழமை உபவாச ஜெபத்தன்று அவர் திறந்து, ஒவ்வொரு சீட்டையும் பிரிக்காமலே கையில் பிடித்து ஜெபித்துவிட்டு, சீட்டுகளைக் கொளுத்திவிடுவார். அதுவரை யாரும் திறக்கக் கூடாது. அது அவர் வைத்த சட்டம். நல்ல சட்டம்தான், அதை நம்பித்தான் இந்த ஊர் ஜனங்கள் புருஷனிடம் சொல்லாததைக்கூட அதில் எழுதிப் போடுகிறார்கள்.

"அதுக்குள்ளயா போட்டீங்க?"

"பெரிய காரியம்மா இது. ஜெபிக்காம எப்படி அனுப்பறது? உபவாச ஜெபம் முடிஞ்சதும் கொண்டுபோய்க் குடுக்கலாம்னு..."

"உபவாச ஜெபம் என்னைக்கு?"

"அடுத்த சனிக்கிழமை."

"கடைசித் தேதி என்னைக்கு?"

குறிப்பு நோட்டை மூடினார்.

"சாவியக் குடுங்க."

"அது முறையில்லம்மா. ஜனங்க நம்பிப் போட்டது. நாமளே மீறினா எப்படி?"

முறை! எனக்கு உச்சந்தலை வரை ஏறியது. தையல் மெஷின் டிராயரில் ஸ்க்ரூடிரைவர் கிடைத்தது. நாற்காலியில் ஏறிப் பெட்டியை இறக்கி, கட்டுத்துணி மடிக்கிற அதே மேசையில் வைத்து, பின்பக்கக் கீலைக் கழற்றத் தொடங்கினேன். மொத்தம் ஆறு திருகு. "என்ன காரியம் பண்றே நீ, ஐயோ, பிள்ளைங்க பாக்கறாங்க" என்று அவர் பின்னாலேயே நின்றார். "பாக்கட்டும்" என்றேன். மூடி திறந்ததும் மற்றவர்கள் சீட்டு என் கண்ணில் படாமல் ஒரு துண்டைப் போட்டு மூடினேன். அந்த மரியாதையை நான் விடவில்லை. என் உறை மட்டும் பெரியது. ஓரம் பிடித்து இழுத்தேன்.

உறையோடு ஒரு சீட்டு குத்தப்பட்டிருந்தது. அவர் கையெழுத்து.

'ஆண்டவரே, பெரியவள் போய்விட்டால் இந்த ஜனங்களிடம் நான் எப்படிப் பேசுவேன்? சித்தமானால் இந்தக் கதவை அடைத்தருளும்.'

இது புரிய இன்னும் ஒன்றைச் சொல்ல வேண்டும். என் கணவருக்கு இந்த ஊர்ப் பாஷை வராது. நலமா, நன்றி, ஜெபிப்போம் என்பதைத் தாண்டி வராது. தெருப் பிள்ளைகளோடு விளையாடியே பெரியவள் அதைத் தண்ணீர் பட்ட பாடாக்கிக்கொண்டாள். ஒன்பது வயதிலிருந்து ஒரு முக்காலியில் ஏறி அவர் பக்கத்தில் நின்று, அவர் தமிழில் சொல்லச் சொல்ல இந்தப் பாஷையில் சொல்லுவாள். முக்காலி தேவைப்படாத உயரம் வந்த பிறகும் அவள்தான் சொல்கிறாள். அப்படியே சொல்லவும் மாட்டாள். சீர் செய்து சொல்லுவாள். அவர் சுற்றி வளைப்பதை நேராக்குவாள். அவர் ஒரு ஜோக் சொல்லுவார், அதற்கு எந்த ஊரிலும் எவனும் சிரிக்க மாட்டான். இவள் வேறொரு ஜோக்கைச் சொல்லுவாள், சபையே குலுங்கும். தன் ஜோக்குக்குத்தான் சிரிக்கிறார்கள் என்று எட்டு வருடமாக அந்த மனுஷன் நம்பிக்கொண்டிருக்கிறார்.

ஆக, அவர் மறக்கவில்லை. கதவை அடைத்தருளும் என்று மேலே வேண்டிக்கொண்டு, கீழே தாழ்ப்பாளைத் தானே பிடித்துக்கொண்டிருந்திருக்கிறார். தேதி தாண்டிப் போனால் கர்த்தர் அடைத்துவிட்டார் என்று சொல்லியிருப்பார். நானும் ஆமென் சொல்லியிருப்பேன்.

பெரியவள் என் தோளுக்குப் பின்னால் நின்று சீட்டைப் படித்துவிட்டாள்.

"என்கிட்ட கேட்டிருக்கலாமேப்பா" என்றாள். அவ்வளவுதான். போய்த் தன் கணக்கு நோட்டை எடுத்து அறைக்குள் வைத்துவிட்டு, முன்னறையில் காத்திருந்த கிழவருக்குக் கட்டை அவிழ்க்க ஆரம்பித்தாள். அவள் அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

அலுவலகம் வெள்ளிக்கிழமை மத்தியானத்தோடு சரி. இனி திங்கள்தான். இடையில் இரண்டு நாள் நான் அடுப்பில் நிற்கிறவள் போல நின்றேன். அவர் சாப்பிட உட்கார்ந்தால் தட்டை வைத்தேன், பேசவில்லை. சனிக்கிழமை சாயங்காலம், பெட்டிக்குக் கீலைத் திருப்பி மாட்டிக்கொண்டே அவராகவே ஆரம்பித்தார்.

"எனக்கு நாக்குல நிக்க மாட்டேங்குது இந்தப் பாஷை. அவ போயிட்டா நான் ஊமைம்மா."

"ஊமையா இருக்கறது பாவமில்லைங்க. புள்ள வாயைப் பிடுங்கி உங்க வாயில வெச்சுக்கறதுதான் பாவம்."

"ஊழியத்துக்காகத்தானே..."

"பன்னிரண்டு வருஷம் இருந்துச்சு. தினம் ஒரு வார்த்தை படிச்சிருந்தாக்கூட இந்நேரம் நாலாயிரம் வார்த்தை. சின்னவகிட்ட கேட்டுப் பாருங்க, கணக்குப் போட்டுச் சொல்லுவா."

சின்னவள் நிஜமாகவே விரல் விட்டு எண்ண ஆரம்பித்தாள். அவர் ஸ்க்ரூடிரைவரை வைத்துவிட்டு எழுந்து போனார்.

ஞாயிற்றுக்கிழமை பெரியவள் வர மாட்டாள் என்று நினைத்தேன். வந்தாள். வழக்கமான இடத்தில் நின்றாள். அவர் சொன்னதைச் சொன்னாள். சொன்னதை மட்டும் சொன்னாள். சுற்றி வளைத்ததைச் சுற்றி வளைத்தே சொன்னாள். நடுவில் அவர் தன் ஜோக்கை எடுத்துவிட்டார். அவள் அதை ஒரு வார்த்தை குறையாமல், கூட்டாமல் பாஷை மாற்றினாள். ஒருவரும் சிரிக்கவில்லை. பின் வரிசையில் யாரோ இருமினார்கள். அவர் சிரிப்புக்காக வைத்த இடைவெளியில் அப்படியே நின்றார். பிறகு அவளைத் திரும்பிப் பார்த்தார். அவள் அடுத்த வாக்கியத்துக்காகக் காத்துக்கொண்டிருந்தாள்.

திங்கட்கிழமை மூன்று மணிக்குச் சபை மூப்பர்கள் கூட்டம் இருக்கிறது என்றார். "கூட்டம் இருக்கட்டும், நீங்க செருப்ப மாட்டுங்க" என்றேன். சின்னவளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு மூன்று பேரும் போனோம். கவுண்டரில் எங்களுக்கு முன்னால் நாலு பேர். சுவர்க் கடிகாரத்தில் மூன்று இருபத்தைந்து. எங்கள் முறை வந்தபோது மூன்று ஐம்பது.

கண்ணாடிக்கார அம்மாள் உறையைப் பிரித்துப் பார்த்தாள். எல்லாம் சரியாக இருந்தது; நான் நிரப்பியது, சரியாகத்தான் இருக்கும். ஒரு படிவத்தை எடுத்து வைத்துக்கொண்டு அவரைப் பார்த்து, "தாமதத்துக்கு என்ன காரணம்?" என்றாள். பெரியவள் அதைத் தமிழில் சொன்னாள்.

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "ஊழிய அலைச்சல்ல காகிதம் எங்கேயோ மாறிப்போச்சுன்னு சொல்லும்மா."

வாயைத் திறந்தேன். பெரியவள் என் கையைத் தொட்டாள். ஒரு கணம் அவரைப் பார்த்தாள். அவர் சொன்ன எத்தனையோ தப்பை எட்டு வருடமாக யாருக்கும் தெரியாமல் திருத்தியவள் அவள். இதையும் திருத்தினாள். கண்ணாடிக்கார அம்மாளிடம் இந்த ஊர்ப் பாஷையில் நிதானமாக நாலு வரி சொன்னாள். எனக்கு எல்லாமே புரிந்தது. அந்த அம்மாளின் பேனா பாதியில் நின்று, மறுபடி ஓடியது. எழுதி முடித்துவிட்டுப் படிவத்தை அவர் பக்கம் திருப்பி, கையெழுத்து இடத்தைக் காட்டினாள்.

அவருக்கு அந்த எழுத்து படிக்க வராது. "என்னம்மா எழுதியிருக்காங்க?" என்றார்.

பெரியவள் படிவத்தில் விரல் வைத்து, வரி வரியாகத் தமிழில் படித்தாள். "மகள் படிக்கப் போய்விட்டால் என் பேச்சை மொழிபெயர்க்க ஆள் இல்லை. அதனால் தகப்பனாகிய நான் இந்த விண்ணப்பத்தைக் கொடுக்காமல் வீட்டில் பூட்டி வைத்தேன். மகள்மேலும் அவளுக்குச் சொல்லிக்கொடுத்த தாயார்மேலும் தவறில்லை."

கடிகாரம் மூன்று ஐம்பத்தாறு. எங்களுக்குப் பின்னால் யாருமில்லை. ஒரு சிப்பந்தி ஜன்னல்களைச் சாத்திக்கொண்டு வந்தான். கையெழுத்து விழாவிட்டால் வருடம் போச்சு, அது அவருக்கும் தெரியும். பேனாவைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார். 'நீ சொல்லேன்' என்கிற பார்வை. எத்தனையோ இடத்தில் அந்தப் பார்வைக்காக நான் முன்னால் போய்ப் பேசியிருக்கிறேன். அன்றைக்குப் பேசவில்லை. முகத்தையும் திருப்பிக்கொள்ளவில்லை.

"இது அப்படியே போகுமா? வேற மாதிரி எழுத முடியாதா?" என்றார் மகளிடம், மெதுவாக.

"நீங்க எழுதின சீட்டுல இருக்கறதுதாம்ப்பா. நான் எதையும் சேக்கல."

கையெழுத்துப் போட்டார். அந்த அம்மாள் முத்திரையைக் குத்தி, தேர்வு எண் சீட்டைக் கிழித்துப் பெரியவளிடம் கொடுத்தாள். பெரியவள் அதை நாலாக மடித்துக் கைக்குள் வைத்துக்கொண்டாள். வீடு வரை அந்தக் கை திறக்கவில்லை.

இதோடு முடிந்தது என்று நினைத்தேன். மாதம் பிறந்தது. ஊரிலிருந்து பணம் அனுப்பி எங்களைத் தாங்குகிற சபைகளுக்கு மாதம் பிறந்தால் ஜெபக் கடிதம் போக வேண்டும். நாற்பது சபைகளில் அதை வாசிப்பார்கள். அவர் எழுதுவார், நான் பிள்ளைகள் நோட்டைத் திருத்துகிற அதே சிவப்புப் பேனாவால் திருத்திக் கொடுப்பேன். காலை வகுப்பு நடந்துகொண்டிருந்தபோது காகிதத்தை என் முன்னால் வைத்தார். மூன்றாவது பத்தியில் வந்து நின்றேன்.

'மூத்த மகளின் பரீட்சைக் காரியத்தில் எழும்பின சகல தடைகளையும் கர்த்தர் அற்புதமாய் நீக்கினார்.'

இரண்டு வாரமாக அடங்கியிருந்ததெல்லாம் ஒரே மூச்சில் மேலே வந்தது. பேனாவால் அந்த வரியைச் சுற்றி வட்டம் போட்டேன். காகிதம் கிழிந்தது.

"தடைய நீக்கினார்னு எழுதியிருக்கீங்களே, தடை யாருன்னும் எழுதுங்க."

"நாப்பது சபையில வாசிப்பாங்களேம்மா."

"அதுக்குத்தான் சொல்றேன்."

பிள்ளைகள் இருவரும் எழுதுவதை நிறுத்திவிட்டார்கள். அவர் நாற்காலியை இழுத்து மேசையில் உட்கார்ந்தார். இத்தனை வருடத்தில் வகுப்பு நேரத்தில் அவர் அங்கே உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. வட்டத்துக்குப் பக்கத்தில் சின்ன எழுத்தில் ஒரு வரி எழுதி என் பக்கம் தள்ளினார்.

'தடையாக இருந்தவர்களில் நானும் ஒருவன்.'

"வேற யாருங்க? சின்னவளா? கவுண்டர்ல இருந்த அம்மாவா?" என்று அதை அடித்தேன். "புதுத் தாள்ல முதல்லருந்து எழுதுங்க. அடிச்சுத் திருத்தினத இந்த மேசையில நான் வாங்க மாட்டேன். பிள்ளைங்களுக்கும் அதுதான், உங்களுக்கும் அதுதான்."

சின்னவள் பாவம் பார்த்துத் தன் அழிரப்பரை அவர் பக்கம் நகர்த்தினாள். பெரியவள் தலையைக் குனிந்துகொண்டு விட்ட இடத்திலிருந்து கணக்கைத் தொடர்ந்தாள். அவர் அந்த ரப்பரை அவள் பக்கமே திருப்பி நகர்த்தினார். பிறகு ஒரு வெள்ளைத் தாளை எடுத்துத் தேதி போட்டு, கடிதத்தை மறுபடியும் முதலிலிருந்து எழுதிக்கொண்டு வந்தார். மூன்றாவது பத்தியில் பேனா நின்றது.

'தடையாக இருந்தவன் நான்' என்று எழுதினார். அவர் அந்த வரிக்கு முற்றுப்புள்ளி வைக்கும்வரை நான் எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.